கௌதாரிக்குக் கண்ணி வேண்டாம். வான்கோழிக்குக் கொட்டகை போடலாம்

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்றும் விடியற்காலையில் கௌதாரியின் குரல் கேட்கிறது. ஆனால் அது இருப்பதற்கு இடம்தான் குறைந்துவிட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு மேய்க்கால் புறம்போக்கும் முட்காடும் சுருங்கின. மிஞ்சியிருக்கும் கௌதாரியும் காட்டுக் காடையும் ஏரிக் கரைகளிலும், மனை போட்டு விற்காமல் கிடக்கும் தரிசுகளிலும், வயல் வரப்புகளிலும் ஒண்டிப் பிழைக்கின்றன. அந்த இடங்களிலும் கண்ணி வைப்போர் இருக்கிறார்கள்.

"ஏரிப் புறம்போக்கு பொது நிலம்தானே, பறவை யாருக்குச் சொந்தம்?" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. "என் பட்டா நிலத்தில் வந்து மேயும் கௌதாரியை நான் பிடித்தால் என்ன?" என்றும் கேட்கிறார்கள். பொது நிலமானாலும் பட்டா நிலமானாலும் சட்டம் ஒன்றுதான். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்றால் சுடுவது மட்டுமல்ல. வலை விரிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, பிடிக்க முயல்வது, கூட்டைக் கலைப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே வேட்டைதான். முன்பு சில பறவைகளைச் சுட லைசென்ஸ் கொடுத்து வந்தார்கள். 1991-ல் சட்டத்தைத் திருத்தி அதையும் நிறுத்திவிட்டார்கள். 2022-ல் செய்த திருத்தத்திற்குப் பிறகு 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மயிலுக்குத் தண்டனை இன்னும் கடுமை. குறைந்தது 3 ஆண்டுகள், கூடினால் 7 ஆண்டுகள் சிறை. அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். இறைச்சியை வாங்கி வைத்திருப்பவரும் தப்ப முடியாது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவர் ஒரு வேளைக் கறிக்காக ஜாமீனுக்கு அலைய நேரிட்டால் அந்தப் பருவத்து விவசாயமே போய்விடும்.

சாலையோரக் கடைகளில் விற்கும் காடை வறுவல் வேறு சங்கதி. அது பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை. காட்டுக் காடையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கௌதாரி உங்களுக்கு என்ன செய்கிறது?

கௌதாரியின் விஞ்ஞானப் பெயரிலேயே நம் புதுச்சேரியின் பெயர் இருக்கிறது. 'பாண்டிசீரியானஸ்' என்று 1789-ல் பெயர் வைத்தார்கள். வறண்ட காட்டில் பிறந்து வளர்ந்த தரைப் பறவை அது. தரையைக் கீறிப் புல் விதை, சிந்திய தானியம் பொறுக்கும். கறையான், வண்டு, வெட்டுக்கிளி ஆகியவற்றையும் தின்னும். குஞ்சுகள் வளர்வது பெரும்பாலும் பூச்சியைத் தின்றுதான். நிலக்கடலைக்கும் கரும்புக் கரணைக்கும் கறையான் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விதைத்த வயலில் கௌதாரி சில விதைகளைப் பொறுக்கவும் செய்யும். அதை மறைக்க வேண்டியதில்லை. விதையைச் சரியான ஆழத்தில் மூடிவிட்டால் அந்தச் சேதம் மிகவும் குறையும்.

இந்தப் பறவையை அழிப்பது மிகச் சுலபம். சேவல் கௌதாரி தன் எல்லைக்குள் இன்னொரு சேவலைச் சகிக்காது. பழக்கிய சேவலைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டால், சண்டைக்கு ஓடிவந்து சுற்றிலும் கட்டிய கண்ணியில் தானே மாட்டிக்கொள்ளும். கூட்டமாக ஓரிடத்திலேயே திரியும் பறவையாதலால், நாலைந்து நாள் கண்ணி வைத்தால் ஒரு ஏரிக் கரையே வெறிச்சோடிவிடும். முன்பெல்லாம் பக்கத்துக் காட்டிலிருந்து வேறு கூட்டம் வந்து சேரும். இப்போது பக்கத்தில் இருப்பது மதில் சுவர்.

சித்திரை முதல் புரட்டாசி வரை இது அதிகமாக முட்டையிடும் காலம். புதரடியில் தரையைச் சற்றே பறித்து முட்டையிடும்; ஏறக்குறைய 3 வாரத்தில் குஞ்சு பொரிக்கும். இந்த மாதங்களில் வரப்புப் புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். தீவனம் அறுக்கும்போது கூடு தென்பட்டால் சுற்றிலும் நாலு அடி அறுக்காமல் விட்டுவிடுங்கள். இரவில் அடைவதற்கு முள்மரம் வேண்டும் என்பதால் வேலியோர முள்மரங்களை அடியோடு வெட்டாமல் இரண்டொன்றை நிறுத்துங்கள்.

மயிலுக்காகக் குருணை மருந்தைத் தானியத்தில் கலந்து வைப்பது எல்லாவற்றையும்விட மோசமான வேலை. அதைத் தின்று நம் வீட்டுக் கோழியும் சாகும். செத்ததைத் தின்ற நாயும் சாகும். நாற்றங்காலுக்கு மேல் வலை போடுவதும், பளபளக்கும் நாடாவைக் காற்றில் ஒலிக்கும்படி இழுத்துக் கட்டுவதும் ஓரளவு பலன் தரும். மயில் சீக்கிரம் பழகிவிடும் பறவை. ஆகையால் நாடாவை அடிக்கடி இடம் மாற்றுங்கள்.

வேட்டையை நிறுத்திய குடியானவர்கள்

வேட்டைக்குத் தடை என்பது சர்க்கார் மேலிருந்து கொண்டுவந்து திணித்த விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் சரித்திரம் வேறு விதமாக இருக்கிறது. வேடந்தாங்கல் என்ற பெயரே வேடர் தங்கிய ஊர் என்பதுதான். அந்த ஏரிக்கு வரும் நாரை, கொக்குகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்க் குடியானவர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798 வாக்கில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குக் கௌல் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாயும் நெல் வயலுக்கு உரச் செலவு குறையும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட கணக்கு. சரணாலயம் என்ற பெயர் 1936-ல்தான் வந்தது. அதற்கு ஏறக்குறைய 140 ஆண்டுகள் முன்பே ஊரார் காவல் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவில் பொது நிலத்தில் வேட்டை நடக்கிறதே என்று படித்தவர்கள் கேட்கலாம். நடப்பது உண்மை. கொலராடோ, நியூ மெக்சிகோ போன்ற மாநிலங்களின் உயர்ந்த மலைகளில், பைன் மரக் காடுகளில் 'மெரியம்' என்ற காட்டு வான்கோழி இருக்கிறது. அரசுக் காட்டுக்குள் போய், பெட்டையின் குரலைப் போலக் கத்திச் சேவலை வரவழைத்துச் சுடுகிறார்கள். நம் ஊர்க் கூண்டுக் கௌதாரித் தந்திரத்திற்கு அண்ணன் தம்பி போன்ற தந்திரம்தான். ஆனால் அங்கே கட்டணம் உண்டு, பருவம் உண்டு, தலைக்கு இத்தனை என்ற கட்டுப்பாடும் உண்டு. அந்தக் கட்டுப்பாடும் பட்டுத் தெளிந்த பிறகு வந்ததே. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் காட்டு வான்கோழியே இல்லாமல் போய்விட்டது. 1937-ல் போட்ட சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரிப் பணத்தை வன உயிர்களுக்கே செலவிட்டார்கள். எஞ்சிய காடுகளில் வலை போட்டுப் பிடித்து, காலியான காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று சுமார் 60 லட்சம் பறவைகள் இருப்பதாகக் கணக்கு. எல்லையில்லாத காடு அவர்களுக்கு இருக்கிறது. படப்பையில் ஒரு ஏரிக் கரையும் நாலு தரிசும்தான் இருக்கின்றன. அந்த முறையை இங்கே கொண்டுவருவது நடக்காத காரியம் என்பதே என் அபிப்பிராயம்.

கறிக்கு வான்கோழி

கறியும் வேண்டும், காசும் வேண்டும் என்போர் வான்கோழியை வளர்க்கலாம். மெக்சிகோ நாட்டுக் காட்டு வான்கோழியின் வழிவந்ததுதான் நம் வீட்டு வான்கோழி. மேய்ந்து தின்னும் குணம் அதற்கு இன்னும் போகவில்லை. அதுதான் சிறு விவசாயிக்கு லாபம். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நாட்டுக் கறுப்பு வான்கோழியோடு வெளிநாட்டு வெள்ளை இனத்தைக் கலந்து 'நந்தனம் வான்கோழி – 1' என்ற இனத்தைக் கொடுத்திருக்கிறது. நம் வெயிலுக்குத் தாங்கும்.

5 பெட்டைக்கு 1 சேவல் போதும். பெட்டை 30 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். 28 நாளில் குஞ்சு பொரிக்கும். இதில் கஷ்டம் முழுவதும் முதல் 4 வாரத்தில்தான். வான்கோழிக் குஞ்சுக்குக் கண் பார்வை மந்தம். தீனி எதிரே இருந்தாலும் தின்னாமல் பட்டினியால் சாகும். எனவே முதல் 15 நாட்களுக்கு 1 லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால் கலந்து வையுங்கள். 10 குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை வீதம் உதிர்த்து ஊட்டுங்கள். பச்சை நிறம் குஞ்சை இழுக்கும். தீனியின் மேல் பொடியாக நறுக்கிய கீரையைத் தூவினால் கொத்த வரும். முதல் வாரம் 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் கொடுத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து வாருங்கள்.

வளர்ந்த பறவைக்குக் குதிரைமசால், வேலிமசால், கோஸ் இலை என்று பசுந்தீனி தாராளமாகக் கொடுக்கலாம். தீனிச் செலவு அதில்தான் மிச்சமாகும். வெள்ளைக் கழிச்சலுக்கும் அம்மைக்கும் கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். நாட்டுக்கோழியோடு ஒரே கொட்டகையில் அடைப்பது கூடவே கூடாது. கோழிக்கு அதிகத் தீங்கு செய்யாமல் அதன் குடற்புழு மூலம் பரவும் கருந்தலை நோய் வான்கோழிகளைக் கூட்டமாகக் கொன்றுவிடும். கோழி மேய்ந்த இடத்தில் வான்கோழியை விடுவதும் ஆபத்தே.

விற்பனை சூடுபிடிப்பது கிறிஸ்துமஸ், புத்தாண்டுச் சமயத்தில். ஆடி மாதத்தில் குஞ்சு எடுத்தால் மார்கழி பிறக்கும்போது கறிக்குத் தயாராகும். காட்டாங்கொளத்தூர் பக்கம் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வளர்ப்பு முறை பற்றி அங்கே கேட்டறியலாம். முதல் தடவை 20 குஞ்சுக்கு மேல் வாங்காதீர்கள். எங்கே வாங்கினாலும் கூடியவரை 4 வாரம் வளர்ந்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல் என்றாலும் சாவு குறையும்.