மெலியும் கைகளை மறைக்க வேண்டாம்

உழைத்து வாழ்பவருக்குக் கைகளே மூலதனம். பால்மரம் வெட்டவும், செம்பனைக் குலை அறுக்கவும், பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் மாட்டவும் விரல்களின் வலிமை வேண்டும். அவ்விரல்கள் வலுவிழந்து, உள்ளங்கைச் சதை வற்றி, உட்புறம் மடங்கத் தொடங்கினால், “இது தொழுநோயோ?” என்னும் அச்சத்தால் பலர் கையை மறைத்துக்கொள்கின்றனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வச்சம் புதிதன்று. தொழுநோயாளரைத் தனித்து வாழவைப்பதற்கெனச் சுங்கை பூலோவில் 1930ஆம் ஆண்டு ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. ஆயினும், மெலியும் கைகள் யாவும் தொழுநோயின் விளைவு அல்ல.

பரம்பரை நரம்பு நோயும் கைகளை இவ்வாறே மாற்றக்கூடும். 1886ஆம் ஆண்டில் பிரான்சில் சார்க்கோ, மாரி என்போரும், இங்கிலாந்தில் டூத் என்பவரும் விவரித்த நோய் அவற்றுள் முக்கியமானது. ஏறத்தாழ 2,500 பேரில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு, மின்கம்பியைப் போன்றது. அதன் உறையோ உள்ளிழையோ பழுதுபட்டால் கட்டளை குன்றும், தசை மெலியும். நீளமான நரம்புகளே முதலில் தளர்வதால், பெரும்பாலும் பாதம் வளைந்து கால் இடறும். கைகள் பின்னரே பாதிக்கப்படும். சாவி திருப்புவதும் பேனா பிடிப்பதும் கடினமாகும். சூடும் வலியும் சரிவரத் தெரியாமற் போகலாம்.

இரு நோய்களின் வேறுபாட்டை அறிதல் நன்று. தொழுநோய் கிருமியால் வருவது, பரம்பரை நோயன்று. தோலில் உணர்ச்சியற்ற வெளிர் தேமல் அதன் அறிகுறிகளுள் ஒன்று. கூட்டு மருந்துகளால் அது குணமாகும். பரம்பரை நரம்பு நோயோ தொற்றாது. அதன் பரவலான வகைகளில், பெற்றோருள் ஒருவருக்கு நோய் இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. இது சாபமும் அன்று, முன்வினையும் அன்று.

இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனினும் கையின் பயனைக் காக்க வழியுண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், 1940களின் பிற்பகுதியில், வலுவுள்ள தசைநாணை இடம் மாற்றி, தொழுநோயால் மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். அவ்வகை அறுவை சிகிச்சை, பரம்பரை நரம்பு நோயாளருள் தக்கவர்களுக்கும் செய்யப்படுகிறது. ஏனையோருக்குக் கைத்தாங்கியும், தடித்த பிடியுள்ள கருவிகளும், தொழில்வழிச் சிகிச்சையும் உதவும். உணர்ச்சி குன்றியவர் சூடான பாத்திரத்தைத் துணிகொண்டே பிடிக்க வேண்டும். இரவுதோறும் கைகால்களில் காயம் உண்டா என்று கண்ணால் பார்த்தறிய வேண்டும்.

ஐயமுள்ளோர் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தை முதலில் நாடலாம். தேவையானால் மருத்துவரே கிள்ளான் அல்லது கோலாலம்பூர் மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இத்தகைய கையோ காலோ இருந்தால், அதனையும் தயங்காது கூறுக. செயலிழப்பு நீடிப்பவர்கள், மாற்றுத் திறனாளியாகப் பதிந்துகொள்வது பற்றிச் சமூக நல இலாகாவில் விசாரிக்கலாம்.

மறைக்கப்படும் கைக்குச் சிகிச்சை கிட்டாது. அதனை மருத்துவரிடம் காலத்தே காட்டுவதே, அக்கை நெடுநாள் உழைப்பதற்கு நாம் செய்யும் முதல் உதவியாகும்.