மூலநிரல் திறந்திருக்கிறது, படிப்பது யார்?

யாரும் படிக்க, மாற்ற, பகிர மூலநிரல் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருள் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு ஆர்வம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சந்தேகமும் இருக்கிறது. அடிக்கடி எழும் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

காசில்லாமல் கொடுக்கிறார்களே, இதில் உள்குத்து ஏதும் இருக்குமா?

பெரும்பாலும் கிடையாது. அதற்காக, யாரோ நல்ல மனசுக்காரர்கள் ராத்திரி கண் விழித்து எழுதித் தருகிறார்கள் என்று நினைப்பதும் பாதிதான் சரி. 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கியது லினக்ஸ் என்ற இயங்குதளக் கருநிரல். இன்று அதற்கு நிரல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்டெல், கூகுள், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்த நிறுவனங்களுக்கு லினக்ஸ் தேவைப்படுகிறது. ஆளுக்கொன்றாக எழுதுவதைவிடச் சேர்ந்து எழுதினால் செலவு மிச்சம், அவ்வளவுதான் கணக்கு. ரெட் ஹேட் பராமரிப்புக்கும் உதவிக்கும் சந்தா வாங்கியே வளர்ந்தது. 2019-ல் ஐபிஎம் அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. நீங்கள் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதற்குள் ஓடுவதும் லினக்ஸ் கருநிரல்தான்.

இந்தப் பணம் எல்லா மென்பொருளுக்கும் போய்ச் சேர்வதில்லை. வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது, கீழே வருகிறேன்.

எடுத்து, மாற்றி, நான் விற்கலாமா?

தாராளமாக. உரிமத்தைப் படித்துவிட்டு விற்க வேண்டும். எம்ஐடி, பிஎஸ்டி வகை உரிமம் என்றால் எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் அப்படியே வைத்திருந்தால் போதும். 1989-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிபிஎல் கொஞ்சம் கறார். நீங்கள் யாருக்கு விற்கிறீர்களோ அவருக்கு மூலநிரலும் கிடைக்க வேண்டும், அதுவும் அதே உரிமத்தில்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2003-ல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் வீட்டு வைஃபை ரவுட்டருக்குள் ஜிபிஎல் உரிமம் கொண்ட லினக்ஸ் இருப்பதையும், அதன் மூலநிரல் தரப்படாததையும் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். நெருக்கடி முற்றி, நிறுவனம் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதை அடித்தளமாக வைத்து உருவான ஓப்பன்டபிள்யூஆர்டி இன்று பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் ஓடுகிறது.

இன்னொன்று. இணையத்தில் உரிமம் எதுவும் குறிப்பிடாமல் கிடக்கிற நிரலைக் கட்டற்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டப்படி அது எழுதியவருக்கே சொந்தம்.

நிரல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது என்றால் திருடன் கண்ணுக்கும் தெரியுமே?

தெரியும். பலர் படிப்பதால் ஓட்டை சீக்கிரம் அகப்படும் என்பது வழக்கமான பதில். பலர் படிக்கலாம் என்பது வேறு, படிக்கிறார்கள் என்பது வேறு. 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இரண்டு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. உலகத்தின் இணையதளங்களில் பெரும்பங்கு ரகசியம் காக்க நம்பியிருந்த மென்பொருள் அது. அதற்கு வந்துகொண்டிருந்த நன்கொடையோ வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்!

அதைவிடக் கலவரப்படுத்தியது 2024 மார்ச் மாதம் அம்பலமான எக்ஸ்இசட் விவகாரம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி. அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பல வருடங்களாகச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஆள். 2021-ல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து பவ்வியமாகத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். வேறு சில பெயர்களில், 'வேலை தாமதமாகிறது, பொறுப்பை யாருக்காவது கொடுங்கள்' என்று அந்த ஒற்றை ஆளுக்கு நெருக்கடி வந்தது. சலித்துப்போனவர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்த ஜியா டான், 2024-ன் தொடக்கத்தில் ரகசிய வாசல் ஒன்றைப் பொருத்தினார். எல்லோரும் படிக்கும் மூலநிரலில் அது நேரடியாகத் தெரியாது. சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் ஒளித்து, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் உயிர் பெறும்படி செய்திருந்தார்.

பிடிபட்டது எப்படி? மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் வேறு ஏதோ சோதனையில் இருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் துருவிப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. பாதிப்பு பெரும்பாலும் டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகளின் சோதனைப் பதிப்புகளோடு போயிற்று.

நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் ஆதியோடந்தமாகத் தேட முடிந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் எக்ஸ்இசட்டைத் தங்கள் சர்வர்களில் வைத்து சம்பாதித்த நிறுவனங்கள் அந்த ஒற்றை ஆளுக்குத் துணையாக ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தால் ஜியா டானுக்கு வேலையே இருந்திருக்காது.

நாம் பயன்படுத்துவதை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டால்?

நிரலின் நகல் உங்களிடம் இருக்கிறது, உரிமமும் இருக்கிறது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபோது, சன்னிடமிருந்த ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் நிரலாளர்களில் பலர் 2010-ல் பிரிந்து லிபரே ஆபிஸ் தொடங்கினார்கள். இன்று எது உயிரோட்டமாக இருக்கிறது என்று கேட்டால் லிபரே ஆபிஸ் என்றுதான் சொல்வார்கள். பிரிவது எளிது. பிரிந்த பிறகு பராமரிக்க ஆள் சேர்வதுதான் அபூர்வம்.

குழுவில் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறார்களே?

அந்தப் பழக்கம் இருக்கிறது. டோர்வால்ட்ஸே கடுஞ்சொல்லுக்குப் பேர் போனவர். 2018 செப்டம்பரில் தன் நடத்தைக்கு வருத்தம் தெரிவித்து, சில வாரம் ஒதுங்கியிருந்து திரும்பினார். லினக்ஸ் குழு நடத்தை விதிகளை ஏற்றதும் அந்த மாதம்தான். திறமைசாலி என்பதற்காக வசவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய வாதம் எனக்கு ஒருபோதும் ஒப்புதல் இல்லை. புதியவர்களை விரட்டும் குழுவில் கடைசியில் ஒற்றை ஆள்தான் மிஞ்சுவார்.

கேட்கிற முறையும் உண்டு. 'தமிழ் சரியாக வரவில்லை, உடனே உதவவும்' என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. லிபரே ஆபிஸ் எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்த எழுத்துரு என்று முதலில் சொல்லுங்கள். 'கொடி என்று தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கினேன், ஒற்றைக் கொம்பு ககரத்தை விட்டு விலகி நிற்கிறது, திரையில் சரியாகத் தெரிகிறது' என்று எழுதி, அந்த ஒரு வார்த்தை மட்டும் உள்ள கோப்பை இணையுங்கள். தமிழே தெரியாத ஒரு நிரலாளர்கூட அதை வைத்து வேலையைத் தொடங்கிவிடுவார். பதில் ஒரு வாரம் கழித்து வந்தால் கோபப்படாதீர்கள். அவருக்குப் பகலில் வேறு வேலை இருக்கலாம்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

மேலே சொன்ன மாதிரி ஒரு பிழையறிக்கை எழுதுவதே பெரிய வேலை. தமிழில் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. லிபரே ஆபிஸின் பட்டியல்களையும் செய்திகளையும் வெப்லேட் தளத்தில் கணக்குத் தொடங்கித் தமிழாக்கலாம். எழுத நினைப்பவர்களுக்கு 2012-ல் தொடங்கிய கணியம் மின்னிதழ் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் விஷயங்களைத் தமிழில் எழுதுவதே அதன் வேலை. மொழிபெயர்க்கிறவர்கள் ஒரு யோசனையைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் நாளே ஐந்நூறு வரிகளை மொழிபெயர்த்துத் தள்ள வேண்டாம். பத்து வரி செய்து, ஏற்கெனவே அங்கே செய்துகொண்டிருப்பவரிடம் காட்டுங்கள். அவர் எந்தச் சொல்லை எங்கே பயன்படுத்துகிறார் என்று தெரிந்துகொண்டு மீதியைத் தொடருங்கள்.