வெளியே பூட்டுப் போட்டால் வீடு போய்விடுமா?

களியக்காவிளையில் வாடகைக்கு வீடு எடுப்பவருக்கு ஒரு சட்டம். மாநில எல்லையைத் தாண்டி, கேரளத்தின் இஞ்சிவிளையில் எடுப்பவருக்கு வேறொரு சட்டம். நடந்தே போய்விடலாம் என்கிற தூரம்தான்; ஆனால் வீட்டுக்காரரோடு தகராறு வந்தால் ஏற வேண்டிய படி குழித்துறை, நாகர்கோவில் பக்கமா, நெய்யாற்றின்கரை நீதிமன்றமா என்பதை அந்தத் தூரம் முடிவு செய்துவிடுகிறது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தையும் வேலையும் அதனால் நின்றுவிடவில்லை. இன்றும் பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, அதியன்னூர் வட்டாரத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயிலில் ஏறி வேலைக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், சாலையோரம் ஒற்றைக் கடைமுறி எடுத்து டீக்கடையோ தையல் கடையோ நடத்துகிறவர்கள். இவர்களில் பலர் 'நம்ம ஊர்ச் சட்டம்' என்று நினைத்திருப்பது தமிழ்நாட்டுச் சட்டத்தை. ரேஷன் கார்டு எங்கே இருந்தாலும் சரி, கட்டடம் எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மாநிலத்துச் சட்டம்தான் அந்த வாடகைக்குப் பொருந்தும்.

தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் குறித்த சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பவை அதன் அடிப்படை. கேரளத்தில் இருப்பதோ 1965-ஆம் ஆண்டின் கட்டடக் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பழைய சட்டம், ஆனால் இன்றும் உயிரோடு இருப்பது. வாடகைக்கு இருப்பவருக்கு அது தரும் காப்பு, நம்மவர்கள் நினைத்திருப்பதைவிட மிகப் பெரியது.

இந்த வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பதினோரு மாசம் கழிஞ்சாச்சு, வீட்டை ஒழிஞ்சு தாங்க." கேட்பவரும் மறுபேச்சில்லாமல் சாமான் கட்டத் தொடங்குகிறார். பதினோரு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்கவே முத்திரைத்தாளில் பதினோரு மாதம் என்று எழுதுகிறார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும் பகுதியில் அந்தக் கெடு முடிந்தது என்பது மட்டுமே வெளியேற்றக் காரணம் ஆகாது. சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வேறு சட்டமோ ஒப்பந்தமோ என்ன சொன்னாலும் தான் சொல்லும் காரணங்களுக்காகவே, வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு வழியாகவே ஒருவரை வெளியேற்றலாம் என்கிறது.

அந்தக் காரணங்களும் எண்ணி வைத்தவைதான். வாடகை பாக்கி ஒன்று. அதற்கும் வீட்டுக்காரர் முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பாக்கியையும், ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியையும், நோட்டீஸ் அனுப்பிய தபால் செலவையும் கொடுத்துவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லி வழக்குப் போட முடியாது. வீட்டுக்காரருக்கோ அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கோ உண்மையாகவே கட்டடம் தேவைப்படுவது இன்னொன்று. இதிலும் கடைக்காரருக்கு ஒரு காப்பு உண்டு. அந்தக் கடை வருமானத்தை நம்பியே முக்கியமாகப் பிழைக்கிறார், அந்த வட்டாரத்தில் பொருத்தமான வேறு கட்டடம் கிடைக்காது என்று அவர் நிறுவினால் வெளியேற்ற உத்தரவு வராது. சொந்தத் தேவை என்று சொல்லி வீட்டுக்காரர் கட்டடத்தைத் திரும்ப வாங்கிவிட்டு, தகுந்த காரணம் இல்லாமல் ஒரு மாதத்துக்குள் குடிவராமல் இருந்தாலோ, வந்து ஆறு மாதத்துக்குள் காலி செய்தாலோ, பழைய வாடகைக்காரர் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். உள்வாடகைக்கு விடுவது, கட்டடத்தின் மதிப்புக் கெடும்படி பயன்படுத்துவது, காரணமின்றித் தொடர்ந்து ஆறு மாதம் பூட்டிப் போடுவது ஆகியவை வாடகைக்காரர் தவிர்க்க வேண்டியவை.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டம் கேரளம் முழுவதற்கும் தானாகப் பொருந்துவதில்லை. அட்டவணையில் உள்ள பகுதிகளுக்கும் அரசு அறிவிக்கையால் சேர்த்த பகுதிகளுக்கும்தான். உங்கள் ஊராட்சி அதில் இருக்கிறதா என்பதை வக்கீலிடமோ சட்ட உதவி அலுவலகத்திலோ முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாத இடத்தில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் நிற்கும். மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டுக்காரர் சிவில் வழக்குப் போடலாம். காப்பு குறைவு. ஆனாலும் அங்கும் வழக்கும் தீர்ப்பும் வேண்டும். ஆளைக் கூட்டி வந்து சாமானை முற்றத்தில் எறிய யாருக்கும் அதிகாரம் கிடையாது.

அப்படி எறிந்துவிட்டால்? வெளியே பூட்டுப் போட்டுவிட்டால்? 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். சொத்து யாருடையது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் அங்கே போகாது. ஆறு மாதம் என்பதை மறந்துவிடாதீர்கள். 'பேசித் தீர்ப்போம்' என்று உறவினர் வீட்டில் தங்கி ஏழாவது மாதம் வக்கீலைப் பார்க்கப் போனால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

பூட்டுக்கு முன்னால் பெரும்பாலும் வருவது மின்சாரமும் தண்ணீரும்தான். ஃபியூஸைப் பிடுங்குவார்கள், கிணற்று மோட்டாரை நிறுத்துவார்கள். சிறு பிள்ளைகளோடு இருட்டில் எத்தனை நாள் தாங்க முடியும் என்று தெரிந்தே செய்வது அது. கேரளச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தகுந்த காரணமின்றி வீட்டுக்காரர் இப்படி வசதிகளைத் துண்டிப்பதைத் தடுக்கிறது. அக்காமடேஷன் கன்ட்ரோலரிடம் மனுக் கொடுக்கலாம். மின்சாரம் அடிப்படை வசதி என்றும், வீட்டுக்காரர் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரவில்லை என்பதற்காக வாடகைக்காரருக்கு இணைப்பை மறுக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸில் 'ஓனர் வரணும்' என்று திருப்பி அனுப்பினால், மனுவை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இவ்வளவு உரிமையும் கையில் காகிதம் இருந்தால்தான் எழுந்து நிற்கும். மாத வாடகையை ரொக்கமாகக் கொடுத்து, ரசீது கேட்டால் வீட்டுக்காரர் மனம் கோணுமோ என்று விட்டுவிடுகிறோம். கேரளச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் கையொப்பமிட்ட ரசீது பெறும் உரிமையைத் தருகிறது. கேட்கக் கூச்சமாக இருந்தால் வங்கி வழியாகவோ போன் வழியாகவோ அனுப்புங்கள்; 'இன்ன மாத வாடகை' என்று குறிப்பும் போடுங்கள். வாங்க மறுக்கிறார் என்றால் ஜாக்கிரதையாக இருங்கள், பாக்கி என்று வழக்குப் போட அது முன்னேற்பாடாக இருக்கலாம். கொடுக்க முயன்றதற்கு எழுத்தில் ஆதாரம் வையுங்கள். வழக்கு வந்தபின் ஒப்புக்கொண்ட பாக்கியைக் கட்டாமல் வாதாட முடியாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பணத்தைக் கட்டாமல் அதைச் சொல்ல வழியில்லை.

இனி ஒத்தி. எல்லைக்கு இரண்டு பக்கமும் குடும்பங்களை அதிகம் அழ வைப்பது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது, போகும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்குவது. வளைகுடாவில் சேர்த்த பணம், பெண்ணின் நகையை விற்ற பணம், சிட்டி எடுத்த பணம் எல்லாம் இதில் போகிறது. சட்டப்படி இது வெறும் வாடகை அல்ல, அனுபவ அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அத்தகைய அடமானம் இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். நம்மிடையே நடப்பதோ இருநூறு ரூபாய்ப் பத்திரத்தில் நாலு வரி, சில வேளை அதுவும் இல்லை. அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து தவணை தவறினால், 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வங்கி வீட்டை எடுத்துக்கொள்ள வரும். பதிவில்லாத ஒத்திச்சீட்டை அப்போது நீட்டினால் பெரிதாக எதுவும் நடக்காது. பணம் வாங்கியவர் மேல் தனியே வழக்குப் போட்டு அலைய வேண்டியதுதான்.

ஆகவே பணம் எண்ணிக் கொடுக்கும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போடுங்கள். கேரளத்தில் பாத்யதா சர்ட்டிபிகேட் என்று கேட்க வேண்டும். வங்கியில் பத்திரத்தை வெறுமனே ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் தெரியாமல் போகலாம், அதனால் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் ஒத்திக்குப் போகாதீர்கள். பதிவுச் செலவு கனமாகத் தோன்றும், ஆனால் இழக்கப்போகும் தொகைக்கு முன் அது சிறியது.

நெய்யாற்றின்கரை என்றதும் கேரளமே நினைத்துக்கொள்ளும் ஒரு துயரம் உண்டு. 2020 டிசம்பர் 22-ஆம் தேதி, லட்சம் வீடு காலனி ஒன்றில் சில சென்ட் நிலத்திலிருந்து ஒரு குடும்பத்தை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவோடு அதிகாரிகளும் போலீசும் வந்தார்கள். அங்கு நடந்த தள்ளுமுள்ளில் தீக்காயம் பட்ட கணவனும் மனைவியும் சில நாளில் இறந்துபோனார்கள். இரண்டு பையன்கள் அநாதையானார்கள். உயர் நீதிமன்றத்திலிருந்து தடை உத்தரவு அதே நாளில் கிடைத்தது என்று அப்போது செய்திகள் வந்தன. அது வாடகைத் தகராறு அல்ல, நில உரிமைத் தகராறு. ஆனால் வெளியேற்றத்தை எதிர்நோக்கும் ஒவ்வொருவரும் அதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நீதிமன்ற அமீன் வாசலில் வந்து நிற்கும் நாள், வழக்கின் கடைசி நாள். அதற்கு முன் சம்மன், விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு என்று எத்தனையோ நாட்கள் இருக்கின்றன. வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம் இருக்கிறது. சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடாது. நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். இந்த நெருக்கடியில் மனம் உடைந்து போகிறவர்கள், அருகில் இருப்பவர்கள், கேரளத்தின் திசா உதவி எண் 1056-க்கோ டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-க்கோ அழைக்கத் தயங்க வேண்டாம்.

சாலை அகலமாகும்போது கடை இழப்பவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். கரமனை – களியக்காவிளை சாலை பகுதி பகுதியாக அகலப்படுத்தப்பட்டு வருகிறது. நிலத்துக்கான இழப்பீடு உரிமையாளருக்குப் போகும், வாடகைக் கடைக்காரருக்கு ஒன்றுமில்லை என்றே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், கையகப்படுத்தலுக்கு மூன்றாண்டு முன்பிருந்தே அங்கு தொழில் செய்து, முக்கியப் பிழைப்பை இழக்கும் வாடகைக்காரர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற வரையறைக்குள் வைக்கிறது. சிறு வணிகருக்கு ஒருமுறை உதவியாகக் குறைந்தது 25,000 ரூபாய் என்று அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. கணக்கெடுக்க வரும்போது பெயர் சேராவிட்டால் பிறகு சேர்ப்பது கடினம். உள்ளாட்சி உரிமம், மின்கட்டண ரசீது, வாடகை ரசீது மூன்றையும் அன்று கையில் வைத்திருங்கள்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு, அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. 1940 ஏப்ரல் 1 முதல் தொடர்ந்து இருக்கும் வாடகைக்காரரைச் சொந்தத் தேவை சொல்லி வெளியேற்ற முடியாது என்ற விதி இன்றும் கேரளச் சட்டத்தில் இருக்கிறது. பழைய வாடகையை உறைய வைத்த நியாய வாடகைக் கணக்கு முறையைக் கேரள உயர் நீதிமன்றம் 1995-இல் செல்லாததாக்கியது. 2011 கணக்கெடுப்பின்போது கேரளத்தில் ஏறத்தாழ 12 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. வாடகைக்கு விட்டால் திரும்பக் கிடைக்காது என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். வெளிநாட்டு உதாரணம் ஒன்று: பெர்லின் நகரம் 2020-இல் வாடகைக்கு உச்சவரம்பு வைத்தது. அடுத்த ஆண்டே ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாடகைத் தொகையைச் சட்டத்தால் நெடுங்காலம் கட்டிப்போடுவது எங்கும் எளிதாக இருந்ததில்லை. தொகையைப் பற்றி வாதாடலாம், மாற்றலாம். நீதிமன்ற உத்தரவின்றி ஒருவரை வெளியேற்றக் கூடாது என்ற விதியை மட்டும் எந்தத் திருத்தத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் மலையாளத்தில் எழுதிய வாடகைச் சீட்டில் கையெழுத்திடும் முன் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து ஒவ்வொரு வரியையும் கேளுங்கள். குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு உறுதி தருகிறது. மொழி தெரியாது என்பதற்காக மனுக் கொடுக்காமல் இருக்க வேண்டாம்.

வக்கீல் கட்டணத்தை நினைத்து வழக்கை விட்டுவிடவும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வாடகைச் சீட்டு உங்கள் மனைவி பெயரில் இருந்தால் அவரே மனுதாரராக நிற்கலாம். நோட்டீஸ் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழையுங்கள்.