கைப்பேசியில் வந்த கலவரம்

காலையில் வாசலில் விழும் நாளிதழும் இரவில் தூர்தர்ஷனும் சொல்வதே செய்தி என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று காட்கோபர் நிலையத்தில் லோக்கலுக்கும் மெட்ரோவுக்கும் ஓடுகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பத்திரிகை அலுவலகமே இருக்கிறது. அவரே நிருபர், அவரே ஆசிரியர், அவரே விநியோகிப்பவர். இது நன்மையா, தீமையா? பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம் இதைச் சற்று ஆழமாகவே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நன்மையை முதலில் சொல்கிறேன். 2024 மே 13 அன்று வீசிய புழுதிக் காற்றில், எங்கள் காட்கோபரில் ஒரு பெட்ரோல் பங்க் மீது ராட்சத விளம்பரப் பலகை சாய்ந்தது. 17 பேர் உயிரிழந்தனர். அந்தக் காட்சி சில நிமிடங்களில் கைப்பேசி வழியாக நாடெங்கும் பரவியது. மாநகராட்சி விதிப்படி 40க்கு 40 அடிக்கு மேல் பலகை கூடாது. அங்கே நின்றது அதைவிடப் பல மடங்கு பெரிய பலகை! மும்பையில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு ஒரு வாரமே இருந்தது. எந்தக் கட்சியாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. ஆனால், அனுமதி கொடுத்தது யார் என்பதற்குப் படத்தில் விடை இல்லை. அதற்குக் கோப்புகளைப் புரட்டும் நிருபரும் விசாரணை அதிகாரியும் தேவைப்பட்டனர்.

இனி மறுபக்கம். 2023 மார்ச் தொடக்கம், ஹோலிக்கு முந்தைய வாரம். எங்கள் கட்டடத்தின் கீழே இஸ்திரி போடும் பிகார்க்காரர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "அண்ணா, உங்கள் ஊரில் எங்கள் பிள்ளைகளை வெட்டுகிறார்களாமே?" என்றார். அவருடைய தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். பத்து வருடமாகப் பழகியவர், அன்று என் முகத்தைப் பார்க்கவே தயங்கினார். "முதலில் தம்பியைக் கூப்பிடுங்கள்" என்றேன். கூப்பிட்டார். தம்பி ஷிப்டில் இருந்தான். இங்கே ஒன்றும் நடக்கவில்லை, ஊரிலிருந்து அம்மாதான் அழுதுகொண்டே இருக்கிறாள் என்றான்.

நடந்தது இதுதான். பரவிய படங்களில் ஒன்று திருப்பூரில் பிகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல்; மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவரின் சண்டை. இதைத் தமிழகக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். அதற்குள் இந்தி நாளிதழ்களும் விசாரிக்காமல் வதந்தியை அச்சேற்றிவிட்டன. நாளிதழ்களில் கண்டதாகச் சொல்லிப் பிகார் முதல்வர் நிதீஷ் குமாரே கவலை தெரிவித்தார். பிகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அங்கிருந்து நால்வர் குழு தமிழகம் வந்து விசாரித்தது. பின்னர், காயம்பட்டவர்களாகச் சிலரைக் காட்டிய ஒரு படம் பாட்னாவிலேயே நடிக்கவைத்து எடுக்கப்பட்டது என்று பிகார் காவல்துறையே கூறியது. இதற்கிடையில் பயந்துபோய் ரயிலேறிய தொழிலாளர்கள் எத்தனையோ பேர்!

முன்பெல்லாம் நிருபர் விசாரிப்பார், பத்திரிகை எழுதும், பிறகு அரசியல்வாதி பேசுவார். இப்போது கைப்பேசி முந்திக்கொள்கிறது. அதன் பின்னால் பத்திரிகை ஓடுகிறது. பத்திரிகையைக் காட்டி அரசியல்வாதி பேசுகிறார். விசாரிப்பது கடைசி வேலையாகிவிட்டது.

இதில் நமக்கென்று ஒரு பாடம் உண்டு. 1960இல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' என்ற மராத்திக் கேலிச்சித்திர வார இதழ், மும்பை அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966இல் சிவசேனை பிறந்தது. அதன்பின் தென்னிந்தியர் உணவகங்கள் தாக்கப்பட்ட நாட்களை மாட்டுங்கா, தாராவிப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். பக்கத்துவீட்டுக்காரனை அந்நியனாக்க அன்று ஒரு வார இதழும் சில ஆண்டுகளும் வேண்டியிருந்தன. இன்று ஒரு வாரமே போதும். அன்று அந்த இதழுக்கு ஒரு முகவரியாவது இருந்தது. இன்று படத்தை முதலில் அனுப்பியவர் யார் என்பதே தெரிவதில்லை.

பட்டியலில் பெயர் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். ஆகவே நம் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவருவோம். ஒரு சமூகத்தையோ மதத்தையோ மாநிலத்தாரையோ குற்றம் சொல்லும் படம் வந்தால், எந்த ஊர், எந்த நாள், எடுத்தவர் யார் என்று கேட்போம். விடை கிடைக்காவிட்டால் அது நம்மோடு நிற்கட்டும். அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர் இருந்தால் அவரையே அழைத்துக் கேட்போம். பொய்யைக் கொண்டுவரும் அதே கருவியால் உண்மையையும் விசாரிக்க முடியும். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கொஞ்சம் பொறுமைதான் வேண்டும்.