கச்சானும் வாடையும் காணும் பூந்தோட்டம்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமது பூந்தோட்டங்களுக்கு இரு காற்றுகளே பஞ்சாங்கம். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு பெருமழை பொழியும். செவ்வரத்தை, நந்தியாவட்டைத் தடிகளை நடுதற்கு அதுவே காலம். பாத்திகளில் நீர் தேங்காதவாறு வாய்க்கால் வெட்டுதலும் வேண்டும். தையில் மழை ஓய்ந்ததும் மல்லிகையைக் கத்தரித்து எருவிட்டால், பங்குனியில் அரும்பு காணலாம். ஆனி, ஆடியில் வெங்கச்சான் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். தேங்காய்ப் பொச்சும் சருகும் கொண்டு வேரடியை மூடி, மாலையில் நீர் வார்ப்போமாக.

கடலோரக் கிணற்றை மிகையாக இறைத்தால் உவர் ஏறும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை புகுந்து கரையோரக் கிணறுகளை உவராக்கியபோது, அவ்வுப்பைக் கழுவியதில் பெரும்பங்கு மாரிமழையினதே. ஆதலின், வாய்க்கால் நீர் வளவிலேயே ஊறும்படி நாம் இன்று வெட்டும் குழி, கோடையில் கோணேசர்க்கு ஒரு கூடை மலராகும்.