ஊசிக்கு முன்னே ஒரு மணி நேரம்

"அம்மா, ஊசி வேண்டாம்மா!"

2023-ல் என் ஆறு வயது மகளுக்கு டான்ஸில் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததிலிருந்து இதே புலம்பல்தான். மயக்க மருந்து ஏற்றக் கையில் போடும் ஊசிதான் அவளுக்குப் பூதம். "வலிக்கவே வலிக்காதுடி கண்ணு" என்றேன். "போன தடவை ரத்தம் எடுக்கறப்பவும் இப்படித்தான் பொய் சொன்னே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவிடம் தயங்கியபடி கேட்டேன். "அதுக்கென்னம்மா, மரத்துப் போகிற களிம்பு இருக்கே!" என்றார். லிடோகெயினும் பிரிலோகெயினும் கலந்த களிம்பு அது. கனமாக வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஒரு மணி நேரமாவது விட வேண்டும். அவசரப்பட்டுத் துடைத்தால் பலனில்லை. ஒரு கையில் நரம்பு அகப்படாவிட்டால்? அதனால் இரண்டு கையிலும் வைத்தார்கள்.

இந்தத் தடவை நான் உண்மையைச் சொன்னேன். "அழுத்தற மாதிரி இருக்கும். வலிச்சா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கோ." சோப்புக் குமிழியை ஊதிக்கொண்டே இருந்தவள், "போட்டாச்சா?" என்றாளே பார்க்கணும்!

பெரியவர்களுக்கும் வழி உண்டு. சிறு ஆபரேஷனுக்கு மரத்துப் போகப் போடும் லிடோகெயின் ஊசி அமிலத் தன்மையால் எரியும். சோடியம் பைகார்பனேட் கலந்து, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஏற்றினால் எரிச்சல் குறையும்.

ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும். களிம்பை நாமாக வாங்கித் தடவக் கூடாது. அளவு மீறினால், முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியே குறைந்துவிடும்.

டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆபரேஷனுக்கு முதல் நாளே கேட்டுவிடுங்கள்!