புஸ்ஸென்று போவது அழுக்கா, கல்லா?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பேச்சிலர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் அழையாத ரூம்மேட் ஒருத்தர் வந்து சேருவார். பாத்ரூம் கடப்பாக் கல்லில் சாம்பல் பூத்த மாதிரியும், மார்பிளில் கறுப்புப் புள்ளியாகவும் உட்கார்ந்திருப்பார். வாடகையில் பங்கு தரமாட்டார். பெயர், பூஞ்சை!

கல்லைத் தின்றா வளர்கிறார்? இல்லை சார். அவருக்கு வேண்டியது ஈரமும் சாப்பாடும். ஈரத்துக்கு அடைமழையும் கடற்காற்றும். (காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதில் கடல் உப்பு கெட்டிக்காரன்.) சாப்பாடு நம்ம உபயம்: சோப்புக் கசடு, தலையில் தேய்த்த எண்ணெய், தூசி.

ஒண்ணாம் தேதி வீட்டு ஓனர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா இது?" என்பார். அட்வான்ஸில் கைவைக்கும் குரல்! பதறிப்போய் டாய்லெட் கழுவுகிற ஆசிட்டைக் கல்லில் ஊற்றுவோம். புஸ்ஸென்று நுரை கிளம்பும். "ஆஹா, அழுக்கு போவுது!"

போவது அழுக்கு இல்லை சார், கல்! கடப்பாவும் மார்பிளும் கால்சியம் கார்பனேட் நிறைந்த சுண்ணாம்பு ஜாதி. ஆசிட் பட்டால் கரைந்து, கார்பன் டை ஆக்சைடு குமிழ் விடும். வழவழப்புப் போய்ச் சொரசொரப்பாகும். அந்தக் குழிகளில் அழுக்கும் ஈரமும் வசதியாகத் தங்கும். விரட்ட நினைத்தவருக்கு நாமே மெத்தை போட்ட கதை!

கருங்கல் விஷயம் வேறு. திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் சன்னதியை முதலாம் ராஜேந்திர சோழன் (1012-1044) காலத்தில் கருங்கல்லில் கட்டினார்கள். ஆயிரம் வருஷமாகக் கடற்காற்றில் நிற்கிறது. நம்ம பாத்ரூம் கல் எந்த ஜாதி? மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள். மங்கலாகத் தடம் விழுந்தால், ஆசிட்டைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் சேர்க்கும் வீரர்களுக்கு ஒரு வார்த்தை. கிளம்புவது குளோரின் வாயு. 1915-ல் பெல்ஜியப் போர்முனையில் ஜெர்மன் படை ஆயுதமாகத் திறந்துவிட்டதே, அதே வாயு! ஜன்னல் இல்லாத பாத்ரூமில் உயிருக்கே உலை.

வைத்தியம் ரொம்ப சிம்பிள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட். நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, பழைய பனியனால் ஈரம் போக ஒற்றியெடுங்கள். காற்றோட்டத்துக்குக் கதவைத் திறந்து வையுங்கள். 'கடைசியில் குளித்தவன் கல்லைத் துடைக்கணும்' என்று ரூமில் சட்டம் போடுங்கள். சாப்பாடும் ஈரமும் கிடைக்காவிட்டால் பூஞ்சை பெருகாது.

ஈரம் நெஞ்சில் இருக்கட்டும் சார், கல்லில் வேண்டாம்!